நடுக்கடலில் நின்றுவிட்டால் வீட்டுக்கு எப்படி வருவோம்?

"நடுக்கடல்ல வண்டி நின்னுட்டா எங்கள எப்படி தம்பி வீடு சேப்ப?"

டூர் நடத்தும் என்னிடம் போன வாரம் சிஸ்டரம்மா கேட்டது இது. வேலூர் சத்துவாச்சாரியில் காலையில் நடக்க வரும் பெரியவர்கள் 18 பேர் சேர்ந்து, கோயில் டூர் நிறையப் போய்விட்டோம், ஒரு தடவை கப்பலில் போகலாம் என்று ஆசைப்பட்டார்கள். சென்னை துறைமுகத்தில் ஏறி, 3 நாள் கடலில் இருந்துவிட்டு, அங்கேயே வந்து இறங்குவது. நான் கட்டணம், அறை, சாப்பாடு எல்லாம் சொல்லி முடித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சிஸ்டரம்மா மட்டும் இதைக் கேட்டார். 30 வருஷத்துக்கு மேல் வார்டில் நின்று ஓய்வு பெற்ற நர்ஸ். என்னிடம் பதில் இல்லை. படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ராத்திரி என் பஸ்ஸில் அவரும் இருந்தார்.

6 வருஷம் ஆகிறது. ராமேஸ்வரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். திருவண்ணாமலை தாண்டி, போளூர் வருவதற்குள் கிளட்ச் போய்விட்டது. ராத்திரி 2 மணி, வண்டியில் 41 பேர். பஸ் உரிமையாளருக்குப் போன் போட்டேன். "ஒரு மணி நேரத்துல மாத்து வண்டி வந்துடும்" என்றார். அதை அப்படியே எல்லோரிடமும் சொன்னேன். 3 மணிக்குக் கேட்டபோதும் ஒரு மணி நேரம், 4 மணிக்குக் கேட்டபோதும் ஒரு மணி நேரம். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். விடியற்காலையில் வேலூர் போகும் அரசு பஸ் ஒன்று பாதி காலியாக வந்தது. கையைக் காட்டியிருந்தால் முடியாதவர்களையாவது ஏற்றி அனுப்பியிருக்கலாம். மாற்று வண்டிதான் வந்துவிடுமே என்று விட்டுவிட்டேன். அது வந்தபோது மணி ஏழரை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்தது. சாலையின் இரண்டு பக்கமும் கரும்புத் தோட்டம், நல்ல இருட்டு, பாம்பு பயம் வேறு. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்று வயதான பெண்கள் 5 மணி நேரம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் 3 பேர் சர்க்கரை நோயாளிகள். விடிந்த பிறகு சிஸ்டரம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். டூர் நடத்துகிறவனுக்கு இது தெரியாமல் போனது இன்னும் என்னை அறுக்கிறது.

சரி, கப்பலுக்கு வருகிறேன்.

கப்பல் பயணிகள் இப்படி மாட்டிக்கொண்டதில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது 2013இல் நடந்த கார்னிவல் ட்ரையம்ப் கப்பலின் கதை. பிப்ரவரி 7ஆம் தேதி அமெரிக்காவில் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து 4 நாள் பயணமாகக் கிளம்பியது. பயணிகள் 3,100 பேருக்கு மேல், ஊழியர்கள் 1,000 பேருக்கு மேல். 10ஆம் தேதி விடியற்காலை மெக்சிகோ வளைகுடாவில் என்ஜின் அறையில் தீப்பிடித்தது. எரிபொருள் குழாய் ஒன்று கசிந்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். தீயை அணைத்துவிட்டார்கள், யாருக்கும் காயம் இல்லை. ஆனால் கரன்ட் போய்விட்டது.

கரன்ட் போனால் கப்பலில் என்னென்ன போகும் என்று எனக்கு முன்பு தெரியாது. பஸ்ஸில் என்ஜின் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இந்த மாதிரிக் கப்பலில் டீசல் ஜெனரேட்டர்கள்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கப்பலைத் தள்ளும் மோட்டார், விளக்கு, ஏசி, சமையலறை எல்லாமே அவை தரும் மின்சாரத்தில் ஓடுகின்றன. கழிவறையும் அப்படித்தான். காற்றால் உறிஞ்சி இழுக்கும் வகைக் கழிவறைகள் என்பதால் மின்சாரம் இல்லாமல் வேலை செய்யாது. அவசர ஜெனரேட்டர் ஒன்று உண்டு, அது மிக அவசியமானவற்றுக்கு மட்டும்தான் போதும். ட்ரையம்ப் பயணிகளிடம் சிவப்புப் பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்து அதில் போகச் சொன்னார்கள். உள்ளே புழுக்கமும் நாற்றமும் தாங்காமல் மெத்தை, போர்வையை எல்லாம் மேல்தளத்துக்கு இழுத்து வந்து படுத்தார்கள். சாப்பாட்டுக்கு மணிக்கணக்கில் வரிசை. படிக்கும்போது கரும்புத் தோட்டத்து ஓரம் நின்ற அந்த ராத்திரிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

வேறு கப்பலை வரவழைத்து மாற்றி ஏற்றியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கரையில் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறுவது போல இல்லை அது. அலையில் ஆடும் சின்னப் படகில் முதியவர்கள், குழந்தைகள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் என்று 3,000 பேரை இறக்கி ஏற்றுவது, கப்பலிலேயே உட்கார வைத்திருப்பதைவிட ஆபத்து. டயாலிசிஸ் தேவைப்பட்ட ஒரு பயணியை மட்டும் முன்னதாகவே வேறு கப்பலுக்கு மாற்றினார்கள். மற்ற எல்லோரையும் கப்பலோடு சேர்த்து இழுவைக் கப்பல்கள் கட்டி இழுத்தன.

எங்கே இழுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. முதலில் மெக்சிகோவின் ப்ரொக்ரெசோ துறைமுகம் என்று முடிவு செய்தார்கள். இழுவைக் கப்பல் வருவதற்குள் நீரோட்டம் ட்ரையம்பை வடக்கே வெகுதூரம் கொண்டுபோய்விட்டது. பயணிகளில் பல நூறு பேரிடம் பாஸ்போர்ட் வேறு கிடையாது. மெக்சிகோவில் இறக்கினால் சொந்த நாட்டுக்கு அனுப்புவதே பெரிய பாடாகும். ஆகவே அமெரிக்காவிலேயே அலபாமாவின் மொபில் துறைமுகம். வழியில் இழுக்கும் கயிறு ஒருமுறை அறுந்தும் போனது. 14ஆம் தேதி இரவுதான் கரை சேர்ந்தார்கள். ஒரே ஒரு லிஃப்ட் வேலை செய்ததால் எல்லோரும் இறங்கி முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது.

இறங்கினது வேறு மாநிலம். சுமார் 100 பஸ்கள் காத்திருந்தன. சிலரை நேராக டெக்சாஸுக்கு, ராத்திரி முழுக்கப் பயணம். மற்றவர்களை நியூ ஆர்லியன்ஸில் ஹோட்டலில் தங்க வைத்து மறுநாள் விமானத்தில் ஹூஸ்டன். அங்கிருந்து கார் நிறுத்தியிருந்த கால்வெஸ்டனுக்கு மறுபடி பஸ். மொபிலிலிருந்து கிளம்பிய பஸ்களில் ஒன்று வழியில் பழுதாகி நின்றுவிட்டது. 5 நாள் கஷ்டப்பட்டுக் கரையேறி, அதிலும் நின்றுபோன அந்த ஜனங்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

எல்லாக் கப்பலும் இப்படி ஆவதில்லை. 2012இல் இந்தியப் பெருங்கடலில் சேஷல்ஸ் தீவுகள் அருகே நின்ற கோஸ்டா அலெக்ராவை ஒரு பிரெஞ்சு மீன்பிடிக் கப்பல்தான் அங்குள்ள மாஹே தீவு வரை இழுத்து வந்தது. 2019 மார்ச்சில் நார்வே கரையோரம் புயலில் என்ஜின் நின்ற வைக்கிங் ஸ்கையிலிருந்து ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள், 479 பேர். மீதிப் பேரோடு கப்பல் மோல்டே துறைமுகத்துக்கு வந்தது.

சிஸ்டரம்மாவுக்கு முக்கியமாகச் சொன்னது வேறு. 2010 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு கட்டப்படும் பெரிய பயணிகள் கப்பல்களுக்குச் சர்வதேச விதி ஒன்று இருக்கிறது. ஒரு பகுதியில் தீப்பிடித்தாலும் கப்பல் தன் சொந்த பலத்தில் துறைமுகம் திரும்ப வேண்டும். அதுவரை பயணிகளுக்குத் தண்ணீர், சாப்பாடு, கழிவறை, வெளிச்சம், மருத்துவ இடம் இருக்க வேண்டும். ட்ரையம்ப் 1999இல் ஓடத் தொடங்கிய கப்பல். ஆகவே நம் கப்பல் எந்த வருஷம் கட்டியது, இந்த விதிக்குள் வருகிறதா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் முன்பணம் கட்டுவேன்.

அப்புறம் என் பங்குக்குச் செய்யக்கூடியது. எல்லோரும் ஒரு வாரத்து மாத்திரையைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் குளிர்ச்சியாக வைக்கும் பையும். பாஸ்போர்ட் உள்ளவர்கள் தேவை இல்லை என்றாலும் கொண்டுவர வேண்டும். சென்னையில் இறங்கினால் வேலூர் 140 கிலோமீட்டர்தான், வேன் தயாராக நிற்கும். விசாகப்பட்டினத்தில் கொண்டுபோய் விட்டால்? அதற்கும் பார்த்து வைத்தேன். அங்கிருந்து காட்பாடிக்கு ரயில் இருக்கிறது. நேரம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்வேன், ஒரு மணி நேரம் என்று இனி என் வாயால் வராது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சிஸ்டரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"அன்னிக்கு மாத்து வண்டி வேலூர் பஸ் ஸ்டாண்டோட நின்னுடுச்சே, அந்த ஒடுகத்தூர் தாத்தா எப்படிப் போனாரு?"

"அந்தப் பக்கம் போற பால் வண்டியில ஏத்தி விட்டேன் சிஸ்டர்."

"வீடு போய்ச் சேந்தாரான்னு கேட்டியா?"

"சாயங்காலம் போன் பண்ணேன். 11 மணிக்கே போயிட்டாராம்."

"சரி. அவரையும் ஒரு வார்த்தை கேளு, வராரான்னு" என்று சொல்லிவிட்டு, நோட்டில் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.