வாயைச் சுத்தி வந்த சிவப்பு பொரியும் நான் தடவுன ஆயின்ட்மென்ட்டும்

என் பொண்ணுக்கு நாலு வயசு இருக்கும்போது வாயைச் சுத்தி பொடிப்பொடியா சிவப்பா பொரிஞ்சுது, ஒவ்வொண்ணும் 1, 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், வேர்க்குருன்னு நினைச்சு விட்டுட்டேன். ஒரு வாரத்துல மூக்கு ஓரம், அப்புறம் கண்ணுக்குக் கீழயும் வந்துடுச்சு. முழங்கை மடிப்புல எக்ஸிமாவுக்குன்னு எழுதிக் குடுத்த ஆயின்ட்மென்ட் வீட்ல இருந்துச்சு, அதையே முகத்துலயும் லேசா தடவுனேன். ரெண்டு மூணு நாள்ல முகம் தெளிஞ்சிடுச்சு. நிறுத்துனதும் திரும்ப வந்துச்சு, முன்னைவிட ஜாஸ்தியா. தடவுனா போகும், நிறுத்துனா வரும், இப்படியே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு.

ஸ்கின் டாக்டர் முதல்ல கேட்டதே "முகத்துல என்ன தடவுறீங்க"ன்னுதான். டியூபை எடுத்துக் காட்டுனேன், அது ஸ்டீராய்டு. உதட்டை ஒட்டி மெல்லிசா ஒரு கோடு மாதிரி தோல் நல்லா இருக்கு, அதைத் தாண்டித்தான் பொரி இருக்குன்னு காட்டுனாங்க, இத்தனை நாள் பக்கத்துல இருந்தும் நான் அதை கவனிக்கவே இல்ல. பெரிஓரிஃபிஷியல் டெர்மடைட்டிஸ்னு பேர் சொன்னாங்க, அதாவது வாய், மூக்கு, கண்ணைச் சுத்தி வர்ற தோல் அழற்சி. குழந்தை நாக்கால உதட்டை நக்கி நக்கி வர்ற புண்ணா இருந்தா உதட்டோட ஒட்டியே சிவந்திருக்கும், தேன் கலர்ல பொறுக்கு தட்டுனா அது கிருமித்தொற்று, அதுக்கு வைத்தியமே வேற.

ஸ்டீராய்டு அந்த சிவப்பை அமுக்கி வைக்குதே தவிர ஆத்துறதில்ல, விட்டதும் இன்னும் வேகமா கிளம்பும். இமைகிட்ட ரொம்ப நாள் தடவுனா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறலாம், கண்புரைகூட வரலாம்னு சொன்னப்போ எனக்கு கை நடுங்கிடுச்சு.

அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாங்க, ஸ்டீராய்டு மட்டுமில்ல, கொழகொழன்னு இருக்கிற மாய்ஸ்சரைசரும்தான். வெறும் தண்ணியில முகம் கழுவுறது, மெட்ரோனிடசோல் ஜெல், கூட எரித்ரோமைசின் சிரப், ரெண்டுமே ஆன்டிபயாட்டிக்தான். பெரியவங்களுக்கு குடுக்கிற டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரையை 8 வயசுக்குள்ள பொதுவா குடுக்க மாட்டாங்களாம், முளைக்கிற பல்லு கறை படிஞ்சுடும். (ரொம்ப ஸ்ட்ராங் ஸ்டீராய்டை ரொம்ப நாள் தடவியிருந்தா சில சமயம் டக்குன்னு நிறுத்தாம குறைச்சுக் குறைச்சு நிறுத்தச் சொல்வாங்க, அதனால நீங்களா முடிவு பண்ணாம கேட்டுக்கோங்க.)

நிறுத்துன முதல் ரெண்டு வாரம் இருக்கே, அதுதான் ரொம்ப கொடுமை. டாக்டர் முன்னாடியே "அதிகமாகும், பயப்படாதீங்க"ன்னு சொல்லியிருந்தாங்க, அப்படியும் முகமெல்லாம் சிவந்துபோய் அவ அழும்போது பார்க்கிறவங்க எல்லாம் என்ன ஆச்சுன்னு கேட்க, ராத்திரி அந்த டியூபைத் தேடி எடுத்துட்டேன். மூடியைக்கூட திறந்துட்டேன். அப்புறம் குப்பையில போட்டேன். இப்போ அந்த ரெண்டு வாரத்துல இருக்கிற அம்மா அப்பாவுக்காகத்தான் இதை எழுதுறேன், மருந்து வேலை செய்யலன்னு நினைச்சு பழைய கிரீமுக்குத் திரும்பிடாதீங்க.

மூணாவது வாரம்தான் கண்ணுக்குக் கீழ வத்த ஆரம்பிச்சுது, முழுசா போக ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, தழும்பு எதுவும் இல்ல.

இன்னொண்ணு, வீசிங்குக்கு நெபுலைசர்ல ஸ்டீராய்டு வைக்கிற குழந்தைங்களுக்கும் மாஸ்க் படுற இடத்துல இது வரலாம். அந்த மருந்தை நீங்களா நிறுத்திடாதீங்க, மூச்சுதான் முக்கியம், மாஸ்க் இடைவெளி இல்லாம முகத்துல பொருந்துதான்னு பாருங்க, வச்சு முடிச்சதும் முகத்தைக் கழுவி விடுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.