அல்கான்குவின் ஏரிகளில் மூடுபனியும் மேப்பிள் சிவப்பும்: படமெடுத்துப் பார்த்ததில் தேறியவை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அல்கான்குவின் பூங்காவில் சுகர் மேப்பிள் மரங்கள் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் உச்சச் சிவப்புக்கு வரும். அப்போது ஏரித் தண்ணீரில் கோடைச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். இரவுக் காற்று மட்டும் சட்டென்று குளிரும். அந்த வித்தியாசத்தில்தான் மூடுபனி எழுகிறது.

வருமா வராதா என்பதை முந்தின மாலையே ஓரளவு கணிக்கலாம். வானம் தெளிவாக இருக்க வேண்டும், காற்று அடங்க வேண்டும், இரவு வெப்பம் 3 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். மேகம் மூடினால் தரையின் சூடு வெளியேறாது, காற்றும் போதுமான அளவு குளிராது. காற்று மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டினால் மூடுபனி கலைவதோடு தண்ணீரில் தெரியும் பிம்பமும் போய்விடும்.

60ஆம் நெடுஞ்சாலை பூங்காவுக்குள் 56 கிலோமீட்டர் ஓடுகிறது. மேப்பிள் அடர்த்தி மேற்குப் பக்கம் அதிகம். லேக் ஆஃப் டூ ரிவர்ஸ் ஏரி சாலையை ஒட்டியே இருப்பதால் இருட்டில் போய்ச் சேர்வது சுலபம். வார இறுதி நாட்களுக்கான வாகன அனுமதிச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: நிறமும் மூடுபனியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூடுபனி ஒளியைச் சிதறடித்து, தனக்குப் பின்னால் இருக்கும் சிவப்பை வெளிறிய சாம்பலாக்கிவிடும். எதிர்க்கரை மேப்பிளை நம்பி நின்றால் ஏமாற்றம்தான். சிவப்புக் கிளை ஒன்று 10, 20 மீட்டருக்குள் இருக்கட்டும். மூடுபனி அதற்குப் பின்னால் வரட்டும். தூரத்து மரங்கள் அடுக்கடுக்காய் மங்கிப் போவது அப்போதுதான் அழகாகத் தெரியும். இதற்கு 24 மி.மீ. லென்ஸைவிட 70–200 மி.மீ. ஜூம் பலமடங்கு உதவும்.

அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் 7:10 வாக்கில் உதிக்கும். முக்கால் மணி நேரம் முன்னதாகவே முக்காலியை ஊன்றிவிட வேண்டும். சேற்றுக் கரையில் அதன் கால்களை நன்றாக அழுத்தி இறக்காவிட்டால் ஷட்டர் திறந்திருக்கும்போதே மெல்ல அமிழும், படம் கலங்கும். லென்ஸ் துளை (அபெர்ச்சர்) எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 முதல் 400 வரை. ஆட்டோஃபோகஸ் மூடுபனியில் பிடி கிடைக்காமல் அலையும். திரையில் தெரியும் நேரடிக் காட்சியை (லைவ் வியூ) பெரிதாக்கி, கிட்ட உள்ள கிளையின் விளிம்பில் கையால் ஃபோகஸ் செய்வதே நல்லது.

கேமராவின் ஒளி மீட்டர் வெள்ளை மூடுபனியை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். ஆகவே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். படத்தின் இருள், வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் சாய்ந்திருக்கலாம், வலது ஓரத்தில் முட்டக் கூடாது. வெயில் எட்டிப் பார்த்ததும் அந்தக் கூட்டலை உடனே குறைக்க வேண்டும். இல்லையென்றால் ஒளிபட்ட மூடுபனி வெறும் வெள்ளையாக வெந்துவிடும், கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா (RAW) கோப்பிலும் மீட்க முடியாது. ஷட்டரை 10 விநாடி திறந்தால் இழை இழையாக நகரும் மூடுபனி ஒரே பூச்சாகிவிடும். இழை வேண்டுமானால் 1/15 விநாடியோ அதற்கு வேகமாகவோ வையுங்கள். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்தினால் விடியலின் நீலம் அப்படியே நிற்கும்.

பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டும் சுழல் வடிகட்டியான போலரைசரை முழுக்கத் திருப்பாதீர்கள். ஈர இலையின் பளபளப்பு குறைந்து சிவப்பு கூடும், உண்மைதான். ஆனால் தண்ணீரில் பிம்பமும் கூடவே மறையும். பாதியில் நிறுத்திப் பாருங்கள்.

பெரிய தொல்லை லென்ஸில் படியும் பனி. தெளிந்த வானத்தின் கீழ் முன்கண்ணாடி காற்றின் பனிப்புள்ளிக்கும் (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே குளிர்ந்துவிடும். முதலில் விளிம்பில் மெல்லிய படலம் தோன்றும். சிறிய திரையில் அது மூடுபனி போலவே தெரிவதால் கவனம் தப்பும். லென்ஸ் ஹூட் போட்டு, ஒரு ஹேண்ட் வார்மரை ரப்பர் பேண்டால் லென்ஸின் உடலில் கட்டிவிட்டால் பெரும்பாலும் தீரும். வாயால் ஊதித் துடைக்கவே கூடாது. திரும்பும்போது, சூடான காருக்குள் ஏறும் முன்பே கேமராவை ஜிப் பைக்குள் வைத்து மூடுங்கள். உள்வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

எடிட்டிங்கில் மங்கலைக் குறைக்கும் டிஹேஸ் ஸ்லைடரைத் தொடுவதாக இருந்தால் கிட்ட உள்ள கிளையை மட்டும் தேர்ந்து (மாஸ்க் போட்டு), 10க்குள். படம் முழுக்க இழுத்தால் எதற்காகக் குளிரில் நின்றோமோ அதுவே காணாமல் போகும்.

மேப்பிள் உதிர்ந்துவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதில்லை. அக்டோபர் நடுவில் ஓபியாங்கோ சாலையோரச் சதுப்பில் டாமராக் மரங்களின் ஊசியிலைகள் பொன்மஞ்சளாகும். இரவுகளும் இன்னும் குளிர்ந்திருக்கும்.