வளரிளம் பருவத்தினரின் பதில்களோடு ஓர் ஆய்வு வாழ்க்கை

வளரிளம் பருவத்தினரின் பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம் குறித்து ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால், பெரும்பாலோர் உடனே கேட்பது, இப்படிப்பட்ட விஷயங்களை அந்த வயதுப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைத்தான். கேட்பதில் அவர்கள் நினைக்கும் அளவுக்குச் சிரமம் இல்லை. பிறர் காதில் விழாத இடத்தில், அவசரப்படுத்தாமல், முகம் சுளிக்காமல் கேட்டால் பதினைந்து வயதுப் பெண்ணோ பையனோ ஏதாவது ஒரு பதிலைச் சொல்லத்தான் செய்கிறார்கள். அந்தப் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம், அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்துகொள்வதில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. இத்துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் அடிக்கடி கடிதம் எழுதுவதால், அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் மாணவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுக்கும் கட்டுரைகளில் ஒன்று ஜேனட் ரோசன்பாம் 2009இல் வெளியிட்டது. அமெரிக்காவில் 1994-95இல் 7 முதல் 12 வரையிலான வகுப்புகளில் படித்தவர்களைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து பின்பற்றிவரும் ‘ஆட் ஹெல்த்’ ஆய்வின் தரவுகளை அவர் பயன்படுத்தினார். திருமணம் வரை பாலுறவு கொள்வதில்லை என்று உறுதிமொழி எடுத்தவர்களையும், மற்ற எல்லா வகையிலும் அவர்களை ஒத்திருந்தும் உறுதிமொழி எடுக்காதவர்களையும் ஒப்பிட்டபோது, ஐந்தாண்டுகளுக்குப் பிறகு இரு தரப்பினரின் பாலுறவு நடத்தையில் வேறுபாடு இல்லை. உறுதிமொழி எடுத்தவர்கள் கருத்தடை முறைகளைக் கையாள்வதுதான் குறைவாக இருந்தது. கொள்கை வகுப்பவர்கள் இந்த முடிவைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அதே கட்டுரையில் உள்ள இன்னொரு எண். உறுதிமொழி எடுத்ததாக முன்னர் தாமே பதிவுசெய்தவர்களில் 82 விழுக்காட்டினர், ஐந்தாண்டு கழித்துக் கேட்டபோது அப்படி எதையும் எடுத்ததே இல்லை என்றார்கள். அவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்த வயதில் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் கதை அவரோடு சேர்ந்தே வளர்ந்து மாறுகிறது. நாம் வினாப்படிவத்தில் பிடித்துவைப்பது அந்தக் கதையின் ஒரு கட்டத்தை மட்டுமே.

கேட்கும் முறை மாறினாலும் பதில் மாறும். சார்லஸ் டர்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 15 முதல் 19 வயது வரையிலான பையன்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு எழுதி நிரப்பும் படிவத்தையும், மற்றவர்களுக்குக் காதொலிக் கருவியில் கேள்வியைக் கேட்டுக் கணினியில் தாமே விடையைப் பதியும் முறையையும் கொடுத்தார்கள். ஆணோடு உறவு கொண்டதுண்டு என்றவர்கள் முதல் முறையில் 1.5 விழுக்காடு, இரண்டாவதில் 5.5 விழுக்காடு. கேள்வி ஒன்றுதான், பையன்களும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவர்கள்தான். படிவம் கைமாறும்போது யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று கருதுவதே எனக்குப் பொருத்தமாகப்படுகிறது. ஆனால் கேட்கும் முறையை மாற்றிவிட்டால் உண்மை வந்துவிடும் என்ற நம்பிக்கையும் நீடிக்கவில்லை. தான்சானியாவின் ம்வான்சா வட்டாரத்தில், ஐந்து வெவ்வேறு தரவு சேகரிப்பு முறைகளை ஒப்பிட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில், உறவு கொண்டதற்கான உயிரியல் சான்று உடலில் இருந்தும் அப்படி எதுவும் நிகழவில்லை என்று படிவத்தில் சொன்ன இளையோர் கணிசமாக இருந்தார்கள்.

அதே வட்டாரத்தில் 1990களின் இறுதியில் தொடங்கிய ‘மேமா குவா விஜானா’ சோதனை, என் பார்வையில் இத்துறையின் மிக நேர்மையான ஆய்வுகளில் ஒன்று. 20 சமூகங்களைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பள்ளிப் பாடம், இளையோரை மதித்து நடத்தும் சுகாதார நிலையங்கள், ஆணுறை வழங்கல், சமூகப் பணிகள் என அனைத்தையும் சேர்த்துச் செய்தார்கள். மாணவர்களின் அறிவு கூடியது. சொன்ன மனப்பான்மைகளும் மாறின. ஆனால் எச்.ஐ.வி. தொற்றும், பிறப்புறுப்பு ஹெர்பிஸ் தொற்றும் இரத்தப் பரிசோதனையில் குறைந்ததாகத் தெரியவில்லை. 2007இல் முடிவுகள் வெளிவந்தன. நீண்டகாலத் தொடர்ச்சி ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது. இரத்த மாதிரி எடுக்காமல், அறிவையும் மனப்பான்மையையும் மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால், அது ஒரு வெற்றிக் கதையாக மாநாடுகளில் உலவியிருக்கும்.

முனைவர் பட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டுகளே உதவித்தொகை கிடைக்கும். அதற்குள் ஒரு தலையீட்டை, அதாவது பள்ளிப் பாடம் போன்ற ஒரு முயற்சியை வடிவமைத்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று, நடத்தி, அளந்து, எழுத வேண்டும். எனவே பாடம் முடிந்த மறுவாரம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து அறிவு மதிப்பெண் உயர்ந்தது என்று காட்டும் ஆய்வேடுகளே பெருகுகின்றன. பதவி உயர்வுக் குழுக்களும் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுகின்றனவே தவிர, ஒரு கட்டுரைக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்று கேட்பதில்லை. குழந்தை மருத்துவம், மகப்பேறு மருத்துவம், மக்கள்தொகையியல், சமூக உளவியல் என்று நாங்கள் எந்தத் துறைக்கும் முழுமையாகச் சொந்தமில்லாதவர்கள் என்பதால், அந்தக் குழுவில் எங்கள் வேலையைப் புரிந்துகொண்டு பேசுபவர் ஒருவரும் இல்லாமல் போவதும் உண்டு.

பெற்றோர் ஒப்புதல் பற்றிய சிக்கலையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் ஆய்வு செய்யப் பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் இசைவும் வேண்டும் என்பது பொது விதி, அது நியாயமானதும்கூட. ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் கருத்தடை தேடும் பெண், வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்படும் பையன், தன் பாலீர்ப்பை எவரிடமும் சொல்லாதவர் ஆகியோர் பெற்றோரின் கையெழுத்து வாங்கி நம் ஆய்வுக்கு வரப்போவதில்லை. கையெழுத்தைக் கட்டாயமாக்கினால், பேசச் சிரமம் இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளை வைத்தே எல்லோருக்குமான சேவையைத் திட்டமிட நேரும். இதை உணர்ந்துதான், பெற்றோர் ஒப்புதலை விலக்கக்கூடிய சூழல்களைச் சர்வதேச மருத்துவ அறிவியல் அமைப்புகளின் மன்றம் 2016இல் வெளியிட்ட நெறிமுறைகளும், இப்பொருளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் எடுத்துரைக்கின்றன. நெறிமுறைக் குழு மறுத்துவிட்டது என்று மாணவர்கள் சோர்ந்து வரும்போது, அந்த ஆவணங்களை இணைத்து, ஆபத்து எப்படிக் கையாளப்படும் என்பதைத் தெளிவாக எழுதி மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்வேன். அதோடு, துன்புறுத்தலைப் பற்றித் தெரியவந்தால் அதைச் சட்டப்படி தெரிவிக்க வேண்டிய இடங்களில் ‘எதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று இசைவுப் படிவத்தில் எழுதவே கூடாது. எங்கே ரகசியம் முடிகிறது என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும், அதனால் சில தகவல்கள் நமக்குக் கிடைக்காமல் போனாலும் சரி.

வயது வரையறையிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வளரிளம் பருவம் என்பது 10 முதல் 19 வயது வரை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆனால் 1984 முதல் பல நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புகள் வழக்கமாகப் பேட்டி கண்டது 15 முதல் 49 வயது வரையிலான பெண்களை. நிலைத்த வளர்ச்சி இலக்குகள் 10 முதல் 14 வயதினரின் மகப்பேற்று விகிதத்தையும் கேட்கின்றன. அந்த எண்ணோ பெரும்பாலும் பெரியவர்கள் பின்னோக்கி நினைவுகூர்ந்து சொன்னதிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனமும் தொடங்கிய உலகளாவிய ஆய்வு 10 முதல் 14 வயதினரிடமே நேரடியாகக் கேட்கத் துணிந்தது என்பதால், அதன் குறைகளையும் மீறி அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. (பதிலே கேட்காமல் இந்த வயதினருக்கு நன்மை செய்யும், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசிக்காரர்களைப் பார்த்துச் சில நேரம் பொறாமைப்படுவேன்.)

எது பயன் தருவதில்லை என்பதைச் சொல்வதும் எங்கள் வேலைதான், ஆனால் அதைக் கேட்க யாருக்கும் விருப்பமில்லை. இளையோர் மையங்கள், சக மாணவர் வழிக் கல்வி, ஒருமுறை மட்டும் கூட்டப்படும் பெரிய விழிப்புணர்வுக் கூட்டங்கள் ஆகியவை நடத்தையை மாற்றியதற்குச் சான்று மிகக் குறைவு என்று சந்திரமௌலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2015இல் எழுதியது, திறப்பு விழா நடத்தப் பழகிய நிதி வழங்குநர்களுக்கு இன்றும் கசப்பாகவே இருக்கிறது. இளையோர் மையம் என்றால் கட்டடம் இருக்கும், புகைப்படம் எடுக்கலாம். சுகாதார நிலையச் செவிலியர் பதினாறு வயதுப் பெண்ணை அதட்டாமல் நடத்துகிறாரா என்பதைப் புகைப்படத்தில் காட்ட முடியாது.

அரசியலையும் தவிர்க்க முடியாது. வல்லுநர் குழுவின் மதிப்பாய்வில் தேறி நிதி ஒதுக்கப்பட்ட ‘அமெரிக்கப் பதின்வயதினர் ஆய்வு’, பாலுறவு பற்றிய கேள்விகளுக்கு எழுந்த எதிர்ப்பால் 1991இல் ரத்து செய்யப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, உடல்நலம் முழுவதையும் தழுவும் வளரிளம் பருவ ஆய்வு ஒன்றை நடத்துமாறு நாடாளுமன்றச் சட்டமே பணித்ததால், ‘ஆட் ஹெல்த்’ பிறந்தது. ரத்தான ஆய்வை வடிவமைத்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் யூட்ரிதான் அதற்கும் தலைமை தாங்கினார். 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, மேலே சொன்ன மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் நின்றது. பிறகு தனியார் அறக்கொடையால் அதன் ஒரு பகுதிக்கு மட்டுமே உயிர் கிடைத்தது. அந்தத் தரவையே நம்பி ஆய்வேடு திட்டமிட்டிருந்த மாணவர்களிடம், உங்கள் வட்டாரச் சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள் என்று இப்போது சொல்லிவருகிறேன். அவற்றில் வயது சரியாக எழுதப்பட்டிருக்காது, திருமணமாகாதவர்களின் வருகை பதிவாகாமலே போயிருக்கும். ஆயினும் யார் வந்தார்கள், எந்த நேரத்தில் வந்தார்கள், எதைக் கேட்டு எதைப் பெறாமல் திரும்பினார்கள் என்பதைக் கணிசமான அளவுக்கு அவற்றிலிருந்து எடுக்க முடிகிறது.