தாயிஃபுக்குப் போய் வந்த நாள்

மக்காவுக்கு உம்ரா என்ற புனிதப் பயணம் கிளம்பும்போதே என் மனத்தில் ஒரு மனிதரின் பெயர் இருந்தது. பத்து வருடம் என்னோடு கூட்டாகக் கடை நடத்தியவர். கணக்கு முடித்த அன்று எனக்குச் சேரவேண்டியதைத் தரவில்லை. ஊரிலும் என்னைப் பற்றித் தவறாகப் பேசினார். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் (பிரார்த்தனைக்கும்) அல்லாஹ்வுக்கும் இடையில் திரை இல்லை என்ற ஹதீஸ், அதாவது நபிமொழி, எனக்குத் தெரியும். கஃபாவை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தபோது அவருக்கு எதிராகத்தான் கையேந்தினேன். அடுத்த மூன்று நாளும் ஏந்தினேன்.

ஐந்தாம் நாள் தாயிஃப் ஜியாரத், அங்குள்ள புனித இடங்களைப் பார்க்கும் பயணம். மக்காவிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஹதா மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. சாலையோரச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மக்காவின் வெக்கை மெல்லக் குறைந்து, மேலே போனதும் உம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் உயரமான ஊர் அது. மாதுளை, திராட்சை, அத்தர் வடிக்கும் ரோஜா என்று செழிப்பான மண். ஜன்னல் வழியே கீழே பார்த்தால் பாறையும் பள்ளமும்தான் தெரிந்தன. இந்த மலையைத் தாண்டித்தான் கண்மணி நாயகம் (ஸல்) அந்த ஊருக்குப் போனார்கள். ஐம்பது வயதில், கால்நடையாக, ஜைத் இப்னு ஹாரிஸா (ரலி) ஒருவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு.

அது நபித்துவத்தின் 10-ஆம் ஆண்டு. அன்னை கதீஜா (ரலி) மறைந்துவிட்டார்கள். அரணாக நின்ற பெரிய தந்தை அபூதாலிபும் இல்லை. மக்காவில் நிற்க இடமில்லாமல்தான் தாயிஃபுக்கு வந்தார்கள். ஸகீஃப் குலத்தின் தலைவர்களான மூன்று சகோதரர்களைப் போய்ப் பார்த்தார்கள். "அல்லாஹ்வுக்கு உம்மை விட்டால் வேறு ஆளே கிடைக்கவில்லையா?" என்று கேட்டான் ஒருவன். மற்ற இருவரின் பதிலும் இதே ரகம்தான். எழுந்து வரும்போது நாயகம் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: நடந்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், வெளியே சொல்லாதீர்கள். அதைக்கூட அவர்கள் செய்யவில்லை. ஊரின் வம்பர்களையும் சிறுவர்களையும் ஏவிவிட்டார்கள். தெருவின் இரண்டு பக்கமும் நின்று கல்லெறிந்தார்கள். ஜைத் (ரலி) தன் உடம்பைக் கேடயமாக்கியதில் அவர் தலை உடைந்தது. நாயகத்தின் காலிலிருந்து வழிந்த இரத்தம் செருப்பில் தேங்கியது.

எங்களை அழைத்துப்போன மார்க்க அறிஞர் ஹஜ்ரத் இதைச் சொல்லும்போது பஸ்ஸில் ஒரு சத்தமில்லை. உம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்கள்: "அந்தப் பிள்ளைங்களுக்கு அவங்க உம்மா யாரும் ஒரு வார்த்தை சொல்லலையா, வாப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

முதலில் அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) பெயரிலுள்ள பெரிய பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். அப்புறம் அத்தாஸ் பள்ளிக்குப் போனோம். தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளி, அவ்வளவுதான். கல்லடிக்குத் தப்பி நாயகம் ஒதுங்கிய திராட்சைத் தோட்டம் இந்தப் பக்கம்தான் இருந்தது என்பது வழிவழியாக வரும் பேச்சு. தோட்டம் மக்காவின் உத்பா, ஷைபா சகோதரர்களுடையது. அவர்களும் எதிரிகள்தாம். ஆனாலும் அந்த நிலையைப் பார்த்து மனம் இளகி, தங்கள் கிறிஸ்தவ அடிமை அத்தாஸிடம் ஒரு தட்டில் திராட்சை கொடுத்தனுப்பினார்கள். நாயகம் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கையை நீட்டியதும் அத்தாஸ் திகைத்துப்போனார். இந்த ஊரில் யாரும் இப்படிச் சொல்வதில்லையே என்றார். நீர் எந்த ஊர் என்று கேட்டார்கள். நீனவா என்றார். "ஓ, நல்லடியார் யூனுஸ் இப்னு மத்தாவின் ஊரா!" ஊரே விரட்டியடித்த அன்று, காலில் இரத்தம் காயாமல் உட்கார்ந்திருக்கும்போது, ஓர் அடிமையின் சொந்த ஊரை விசாரித்திருக்கிறார்கள் நாயகம். யூனுஸ் என் சகோதரர், அவரும் நபி, நானும் நபி என்றார்கள். அத்தாஸ் குனிந்து அவர்களின் தலையையும் கைகளையும் கால்களையும் முத்தமிட்டார். ஊர் முழுவதும் கதவை மூடியபோது திறந்தது அந்த ஒரு மனம்தான்.

அந்தத் தோட்டத்தில் நாயகம் கேட்டதாக ஒரு துஆ வரலாற்று நூல்களில் இருக்கிறது. சிறுவயதில் மதரஸாவில் கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு ஹஜ்ரத் அரபியில் ஓதி நிறுத்தி நிறுத்திப் பொருள் சொன்னபோதுதான் உறைத்தது. "யா அல்லாஹ், என் பலவீனத்தையும், என் வழியின்மையையும், மக்களிடம் நான் எளியவனாகிவிட்டதையும் உன்னிடமே முறையிடுகிறேன்" என்று அது தொடங்குகிறது. உனக்கு என்மேல் கோபமில்லை என்றால் எனக்கு எதுவும் பெரிதில்லை என்று போகிறது. முறையீடு முழுக்கத் தன்னைப் பற்றியது. கல்லெறிந்தவர்களைத் தண்டி என்று ஒரு சொல் அதில் இல்லை. நான் நான்கு நாளாகக் கஃபாவின் முன்னால் கேட்ட துஆவில் என் பலவீனத்தைப் பற்றி எதுவுமே இருந்ததில்லை. அந்த மனிதரின் பெயர்தான் இருந்தது.

திரும்பும்போது ஸைலுல் கபீர் வழியாக வந்தோம். கர்னுல் மனாஸில் என்ற மீகாத், உம்ராவுக்கு இஹ்ராம் பூணும் எல்லை, அதுதான். இன்னொரு உம்ராவுக்கு இஹ்ராம் என்ற யாத்திரை உடை உடுத்தக் குளியலறை வாசலில் கூட்டமாக நின்றோம். ஹதீஸில் வரும் கர்னுஸ் ஸஆலிப் என்ற இடமும் இதுவே என்று அறிஞர்கள் சொல்வதை ஹஜ்ரத் அங்கே வைத்துத்தான் சொன்னார். உஹுத் போர் நாளைவிடக் கடினமான நாள் உங்களுக்கு வந்ததுண்டா என்று அன்னை ஆயிஷா (ரலி) கேட்டபோது நாயகம் சொன்னது இந்த நாளைத்தான். துக்கத்தில் போன போக்கில் நடந்தார்களாம். இந்த இடம் வந்தபிறகுதான் நினைவு திரும்பியதாம். தலையை உயர்த்தினால் மேலே நிழலாக ஒரு மேகம், அதில் ஜிப்ரீல் (அலை). கூடவே மலைகளின் வானவர். நீங்கள் சொன்னால் இந்த மக்கள்மேல் அக்ஷபைன் மலைகளைக் கவிழ்த்துவிடுகிறேன் என்றார் அவர். நாயகம் வேண்டாம் என்றார்கள். அல்லாஹ் ஒருவனையே வணங்கும் மக்களை இவர்களின் சந்ததியிலிருந்து அவன் வெளிப்படுத்துவான் என்று நம்புகிறேன் என்றார்கள்.

ஹிஜ்ரி 8-இல் நாயகத்தின் படை தாயிஃபை முற்றுகையிட்டபோதும் அப்படித்தான். ஸகீஃபுக்கு எதிராக துஆ கேளுங்கள் என்று தோழர்கள் சொல்ல, "யா அல்லாஹ், ஸகீஃபுக்கு நேர்வழி காட்டு" என்று கேட்டார்கள். மறு வருடமே அந்தக் குலத்தின் தூதுக்குழு மதீனா வந்து இஸ்லாத்தை ஏற்றது. வந்தவர்களில் வயதில் மிக இளையவரான உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களையே அந்த ஊருக்குத் தலைவராக நியமித்தார்கள். கல்லடி நாளிலிருந்து ஏறத்தாழ 12 வருடம்.

"அப்போ கல்லெறிஞ்ச பிள்ளைங்களும் வளர்ந்து கலிமா சொல்லியிருப்பாங்கதானே?" என்றார்கள் உம்மா. இரண்டு மணி நேரமாக அந்தப் பிள்ளைகளையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

நிய்யத் வைத்து, தல்பியா சொல்லிக்கொண்டே மக்கா வந்து சேர்ந்தபோது இஷா ஆகிவிட்டது. கஃபாவைச் சுற்றும் தவாஃப் முடித்து, உம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஸஃபா, மர்வா குன்றுகளில் முதலாவதான ஸஃபாவுக்கு வந்தேன். அக்ஷபைன் என்பவை மக்காவின் இரண்டு மலைகள். அதில் ஒன்றான அபூ குபைஸ் ஸஃபாவை ஒட்டியே இருக்கிறது. யார்மேலும் விழாமல், அதே இடத்தில்.

கஃபாவை நோக்கிக் கையை ஏந்தினேன். அந்த மனிதருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பெயர் வைத்த அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். சின்னவன் என் கடை வாசலில்தான் சைக்கிள் பழகினான். மூன்று பேர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி துஆ கேட்டேன். முடித்துவிட்டுத் திரும்பினால், உம்மா இன்னும் ஏந்திய கையை இறக்கவில்லை. காத்திருந்து, அப்புறம் நாற்காலியை மர்வாவை நோக்கித் தள்ளினேன்.