பதில் சொல்லாத 60 சுவிட்சுகள்

எங்கள் நெட்வொர்க்கைக் கண்காணிக்க நான் முதலில் எழுதிய ஸ்கிரிப்ட் நாற்பதே வரி. ஐபி முகவரிப் பட்டியலை வரிசையாக எடுத்து, கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஒவ்வொரு சுவிட்சிடமும் எஸ்என்எம்பியில் (நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) கேட்கும்: இதுவரை எத்தனை பைட் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது? பதில் வர 100 மில்லிசெகண்ட். 1,200 சுவிட்சையும் இரண்டு நிமிடத்தில் கேட்டு முடித்துவிடும். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாகக் கிளப்பும் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு ராத்திரி, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டின பொக்லைன் ஃபைபரை அறுத்துவிட்டது. நைட் ஷிஃப்டில் இருந்த தம்பி பதறிப்போய் போன் செய்தான். "அண்ணா, மொத்த நெட்வொர்க்கும் போச்சுண்ணா. ஒரு கிராஃபும் நகர மாட்டேங்குது."

போனது 60 சுவிட்ச்தான். எஸ்என்எம்பி ஓடுவது யூடிபி என்ற, ரசீது தராத அனுப்பும் முறையில். கேள்வி போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும். நான் வைத்திருந்த டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 5 விநாடி, அதற்கு மேல் மூன்று ரீட்ரை (மறுமுயற்சி). ஆக, செத்த சுவிட்ச் ஒன்றுக்கு 20 விநாடி, அறுபதுக்கும் சேர்த்து 20 நிமிடம். உயிரோடு இருந்த 1,140 சுவிட்சும் ரேஷன் கடை வரிசை மாதிரி பின்னால் நின்றன. கிரான் வேறு அடுத்தடுத்து புதுப் பிரதிகளைக் கிளப்பிவிட, எல்லாமே அதே இடத்தில் போய் முட்டிக்கொண்டன.

ஒரே நேரத்தில் இருபது சுவிட்சைக் கேட்க இருபது த்ரெட் போட்டேன். ஒரே கட்டடத்து ஐபிகள் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், அடுத்த முறை இருபதும் சேர்ந்தே மாட்டின. கடைசியில் கைகொடுத்தது தனி க்யூ. ஒருமுறை பதில் வராவிட்டால் அந்த சுவிட்ச் அங்கே போய்விடும். அங்கே கேட்பது ஒரே கேள்வி, 'நீ எவ்வளவு நேரமாக ஓடுகிறாய்?' காத்திருப்பது ஒரே விநாடி. பதில் வந்தால் பழைய வரிசைக்குத் திரும்பலாம்.

சுவிட்ச் எண்ணிக்கை ஏறியதும் மூன்று சர்வர். சுவிட்சின் ஹாஷை (அதன் அடையாளத்திலிருந்து கணக்கிடும் ஒரு எண்) மூன்றால் வகுத்து, மீதியைப் பார்த்துப் பங்கு பிரித்தேன். ஒருநாள் ஒரு சர்வர் படுத்தது. வகுக்கும் எண் இரண்டானது. படுத்ததன் பங்கு கைமாறியது நியாயம். ஆனால் நன்றாக ஓடிய இரண்டும் தங்களிடம் இருந்ததில் பாதியை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டன! சுவிட்ச் தரும் பைட் கவுண்ட்டர் ஏறிக்கொண்டே போகிற எண். முந்தைய மதிப்பைக் கழித்தால்தான் வேகம் தெரியும். அந்த மதிப்போ பழைய சர்வரின் மெமரியில். கிராஃபெல்லாம் ஓட்டை. 1997இல் வெப் கேஷிங்குக்காக (வலைப்பக்க நகல்களைச் சேமித்து வைப்பது) வந்த கன்சிஸ்டென்ட் ஹாஷிங் என்ற பங்கீட்டு முறையை அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். இப்போது படுத்த சர்வரின் பங்கு மட்டும்தான் இடம் மாறுகிறது. முந்தைய மதிப்புகளையும் எல்லா சர்வரும் பார்க்கும்படி ரெடிஸ் என்ற பொதுத் தரவுக் கிடங்கில் வைத்துவிட்டேன்.

இத்தனையும் ஓடுவது அதே நெட்வொர்க்கின் மேல்தான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, பழுது பார்க்க வேண்டிய உள் கருவிகளும் கூடவே போயின. அதைப் படித்த வாரமே, எங்கள் நெட்வொர்க் விழுந்தாலும் உள்ளே போக வேறு வழி இருக்கட்டும் என்று சர்வர் ரேக்கில் ஒரு 4ஜி மோடம் செருகினேன். சிம் ரீசார்ஜ் இன்னும் என் சொந்தக் காசில்தான். பில் பாஸாகவில்லை.