அது வேற, ஹாஜியார்

"இதுவும் இரும்புதானே தம்பி?" என்று கேட்டார். "அது வேற, ஹாஜியார்" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனாலும் இன்னும் உறுத்துகிறது.

சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர். உமி அரைக்கும் மெஷினின் சுத்தியல் தகடுகளைப் போகத்துக்குப் போகம் கல்முனையிலுள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருவார். உமியில் இருக்கும் சிலிக்கா எந்த உருக்கையும் தின்றுவிடும். தேய்ந்த முனைகளை வெல்டிங்கில் நிரப்பி, கிரைண்டரில் சரிசெய்து கொடுப்போம். அன்றைக்குப் புதுத் தகடுகளோடு வந்தவர், லேத்தில் மாட்டியிருந்த, உலோகத்தைச் சீவும் கார்பைட் டிப்பின் தங்க நிறத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பூச்சை இதுக்கும் போட ஏலாதா?" என்றார்.

ஏலாது என்று உற்சாகமாக விளக்கினேன். டைட்டேனியம் டெட்ராகுளோரைட்டின் ஆவியை நைட்ரஜன், ஹைட்ரஜனோடு சேர்த்து உலைக்குள் விடுவார்கள். 900, 1000 பாகை செல்சியஸ் சூடு. வாயுக்கள் டிப்பின் மேலேயே வினைபட்டு டைட்டேனியம் நைட்ரைட்டாகப் படியும், ஹைட்ரஜன் குளோரைட் வெளியே போகும். கார்பைட் அதைவிடக் கூடிய சூட்டில் உருவானது, தாங்கும். பதம் போட்ட, அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கிய உருக்கு தாங்காது. பதம் இறங்கும், கோணவும் கூடும். பூசிய பிறகு மறுபடி பதம் ஏற்ற வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு, பெட்டியிலிருந்து தங்க நிற ட்ரில் பிட் ஒன்றை எடுத்துக் காட்டித்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். சரியான கேள்வி. அந்த பிட் ஹைஸ்பீட் உருக்கு, அதுவும் பதம் போட்டதுதான். அதற்குப் பூச்சு வெற்றிடத்தில், டைட்டேனியத்தையே ஆவியாக்கி, 500 பாகைக்கு உள்ளேயே போடப்படுகிறது. பதம் கெடாது. இதைச் சொல்ல இரண்டு வரி போதும்.

சொல்லியிருந்தாலும் அவருக்குப் பயனில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பூச்சு சில மைக்ரோன் தடிப்புத்தான். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றி அடிபடும் தகட்டில், அடியிலுள்ள உருக்கு கொஞ்சம் நசுங்கினாலே மேலே உடைந்துவிடும். வாவிச் சேற்றின் மேல் ஓடு பரப்பிய மாதிரி. காசுதான் வீணாகும். ஆக, அவருடைய காசைக் காப்பாற்றினேன்.

அப்படியென்றால் அதையே சொல்லியிருக்கலாமே? 1000 பாகை கதையைச் சொல்ல நேரம் இருந்த எனக்கு இதற்கு மட்டும் ஏன் இல்லை? அந்தத் தகடுகள் தேயாவிட்டால் போகத்துக்குப் போகம் வரும் வேலை நின்றுபோகும். அது அப்போது மனதில் ஓடியதா, பிறகு நானே என்மேல் ஏற்றிக்கொண்டதா, பிரித்துப் பார்க்க முடியவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெல்டிங் குச்சியும் டிப்பும் விற்கிற விலையில், கையில் வரும் வேலையை யார்தான் தள்ளிவிடுவார்கள் என்றும் தோன்றுகிறது. ஆனால் அவர் என்னிடம் கேட்டது செலவுக் கணக்கை அல்ல.

அவர் போனதும் பட்டறைப் பையன், "என்ன அண்ணே வேற?" என்றான். அவனுக்கு எல்லாவற்றையும் ஆறுதலாக விளக்கினேன், வெற்றிட உலையையும் சேர்த்து.

அடுத்த போகத்தில் ஹாஜியார் அதே தகடுகளை மழுங்கிய முனைகளோடு கொண்டுவந்தார். நிரப்பிக் கொடுத்தேன். கூலியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். குறைக்கவில்லை.