முதல் தோல்: இரண்டு ஏ.டி.எம். கார்டு தடிமன்

தோல் கடைக்குள் முதன்முறை நுழைபவரின் கை நேராகப் போவது மெத்தென்று, வழவழவென்று, ஆழ்ந்த நிறத்தில் தொங்கும் தோலுக்குத்தான். புதிதாகப் பழகுபவருக்கு அதைவிடத் தொல்லை தரும் தோல் கிடையாது. கத்தி வைத்தால் தோல் கூடவே நெளிந்து வருகிறது, நேர்கோடு கோணலாகிறது. ஊசித்துளையில் நூலை இறுக்கினால் துளை இழுபட்டு நீள்கிறது. தைத்து முடித்தபின் ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகவே நிற்கிறது. ‘எனக்குக் கைவேலை வராது’ என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். குறை பெரும்பாலும் கையில் இல்லை, வாங்கிய தோலில்.

என்ன கேட்டு வாங்குவது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வெஜ் டேன் (தாவரச் சாற்றில் பதனிட்ட) மாட்டுத்தோல், சாயம் போடாதது அல்லது லேசான சாயம் போட்டது, தடிமன் 1.2 முதல் 1.5 மி.மீ., முதுகு அல்லது தோள்பட்டைப் பகுதி, 2 சதுர அடி.

தோலைப் பதனிடுவதில் பெரிய பிரிவு இரண்டு. குரோமிய உப்பில் பதனிட்டால் வேலை விரைவாக முடியும். தோல் மென்மையாக, தண்ணீரைத் தாங்குவதாக இருக்கும். கைப்பை, செருப்பின் மேல்தோல், சோபா எல்லாம் பெரும்பாலும் இதுதான். மரப்பட்டை, காய்களின் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டால் அதிக நாள் பிடிக்கும். தோல் கெட்டியாக, கொடுத்த வடிவத்தில் நிற்பதாக வரும். அதுதான் வெஜ் டேன். தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட மரபு உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்டு ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்ற பெயரில் கப்பலேறியது இந்த மண்ணின் தோல்தான்; இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆவாரையில் பதனிட்டது வெயிலில் சிவந்துபோகும். அதைக் குறைப்பதற்காகவே கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டெடுக்கும் வழக்கம் வந்தது.

பழகுபவருக்கு வெஜ் டேன் ஏன் என்றால், அது நாம் செய்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஓரத்தில் ஈரம் தொட்டு மரக்கட்டையால் தேய்த்தால் நார்கள் படிந்து கண்ணாடிபோல் பளபளக்கும். நனைத்து வளைத்தால் காய்ந்தபின் அந்த வளைவு நிற்கும். முத்திரை அடித்தால் பதியும். குரோம் தோலில் இவை எதுவும் சரியாக வராது. ஓரத்துக்குப் பெயின்ட் பூச வேண்டும், அல்லது ஓரத்தைச் சீவி மடித்துத் தைக்க வேண்டும். இரண்டுமே அடுத்த கட்டப் பாடங்கள்.

கடைக்காரர் ‘வெஜ்தான்’ என்று சொன்னாலும் நீங்களே பாருங்கள். முதலில் வெட்டிய ஓரம். வெஜ் டேன் என்றால் ஓரம் முழுக்க வெளிர்பழுப்பு அல்லது செம்பழுப்பு. குரோம் என்றால் நடுவில் நீலம் கலந்த சாம்பல் கோடு தெரியும். உள்வரை சாயம் ஏறியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். அப்போது மேல்பக்கத்தில் நகத்தால் அழுத்திக் கோடு கிழியுங்கள். வெஜ் டேனில் தடம் நிற்கும், குரோமில் பெரும்பாலும் மீண்டுவிடும். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மேலே பூச்சு இல்லாத வெஜ் டேன் உடனே குடித்துக் கருக்கும். முத்தாக உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது என்று பொருள். அந்தத் தோலில் முத்திரையும் சாயமும் சீராக ஏறாது. மணமும் உதவும். வெஜ் டேனில் மரப்பட்டை வாசம் இருக்கும், பிளாஸ்டிக் நெடி வந்தால் வைத்துவிடுங்கள். துண்டு கிடைத்தால் மட்டும், வெளியே வைத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம்: உருகிச் சொட்டினால் அது தோலே அல்ல.

‘ஜெனியூன் லெதர்’ என்ற முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். பிளந்தெடுத்த அடித்தோலுக்கு மேல் படலம் ஒட்டியதும் அந்தப் பெயரில் வருகிறது. மேல்பக்கத்தை உற்றுப் பாருங்கள். மயிர்க்கால் புள்ளிகள் சீரில்லாமல், இடத்துக்கு இடம் மாறித் தெரிந்தால் இயற்கை முகம். அச்சடித்ததுபோல் ஒரே மாதிரி இருந்தால் தேய்த்து அச்சிட்டதாக இருக்கலாம்.

அடுத்தது தடிமன். வெளிநாட்டுக் காணொளிகளில் அவுன்ஸ் என்பார்கள். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மி.மீ. அவர்கள் சொல்லும் 3–4 அவுன்ஸ் நமக்கு 1.2–1.6 மி.மீ. கையில் அளவுகோல் இல்லையென்றால் பர்ஸைத் திறங்கள். ஏ.டி.எம். கார்டு ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ.; இரண்டை அடுக்கினால் ஒன்றரை மி.மீ. தோல் ஒரு கார்டைவிடத் தெளிவாகத் தடிப்பாகவும், இரண்டைத் தாண்டாமலும் இருந்தால் சரி. ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல் நான்கு மூலையிலும் பாருங்கள். ஒரே தோலில் ஒரு பக்கம் 1.3, மறுபக்கம் 1.8 என்று இருப்பது சாதாரணம்.

இந்த அளவை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், தைக்கும்போது தடிமன் கூடிக்கொண்டே போகும். கார்டு ஹோல்டரில் ஓரத்தில் மூன்று அடுக்கு வரும். 1.2 என்றால் 3.6 மி.மீ., கச்சிதம். 2 மி.மீ. தோலில் அதுவே 6 ஆகி, பையில் செங்கல் மாதிரி உட்காரும். பெல்ட்டுக்கு மட்டும் 3 முதல் 4 மி.மீ. தேவை, அதற்கு எருமைத்தோல் நன்றாக உழைக்கும். ‘பஃப்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உள்பக்கத் தடுப்புகளுக்கு 0.8 மி.மீ. வெள்ளாட்டுத்தோல் போதும், மெல்லியதானாலும் நல்ல வலு.

தோலில் எந்த இடம் என்பதைப் பலர் கேட்பதே இல்லை. முதுகெலும்பை ஒட்டிய பின்பகுதியில் நார்கள் நெருக்கமாக இருக்கும், இழுத்தால் கொடுக்காது. தோள்பட்டை கொஞ்சம் நெகிழ்வு, கழுத்துச் சுருக்கங்கள் தெரியும். சிறு பொருள்களுக்குத் தாராளமாகப் போதும். வயிற்றுப்பகுதி தளர்ந்தது. விலை குறைத்துத் தருவார்கள், ஆனால் அதில் வெட்டிய கார்டு பாக்கெட் ஆறு மாதத்தில் வாய் பிளக்கும். இரு கையாலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். எந்தத் திசையில் குறைவாக நீள்கிறதோ அந்தத் திசையில்தான் வார்களை வெட்ட வேண்டும். பொதுவாக அது முதுகெலும்புக்கு இணையான திசை.

பிறகு மேல்பக்கம் உள்ளே வருமாறு மடித்துப் பாருங்கள். நுண்ணிய மயிரிழைச் சுருக்கம் விழுந்தால் நல்ல தோல். தடித்த புழுப்போல மேல்படலம் எழும்பினால் படலம் தளர்ந்துவிட்டது. அதை எந்த எண்ணெயும் சரிசெய்யாது. சதைப்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பது கட்டாயம். தோலுரிக்கும்போது கத்தி இறங்கிய வெட்டுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும், அவற்றின் மேல் தையல் போனால் இழுக்கும்போது கிழியும். உண்ணிக்கடித் தழும்பு, முள் கீறல், நரம்புத் தடம் இவையெல்லாம் வாழ்ந்த மாட்டின் அடையாளங்கள். எங்கள் கண்ணுக்கு அவை அழகு. வலுவைக் குறைக்காதவரை, பழகும் தோலில் அவற்றுக்காகத் தயங்காமல் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு சதுர அடி 929 சதுர செ.மீ. ஒரு கார்டு ஹோல்டருக்கு நடுத்துண்டு 10×8, பாக்கெட்டுகள் 10×6 அளவில் இரண்டு: மொத்தம் 200 சதுர செ.மீ. கழிவுக்குக் கால்பங்கு சேர்த்தால் 250. ஆக 2 சதுர அடியில் ஏழு செய்யலாம். முதல் இரண்டு கெட்டுப்போகட்டும், அதற்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. பெல்ட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. பரப்பு அரை சதுர அடிதான் என்றாலும் 115 செ.மீ. நீளம் ஒரே துண்டாக வேண்டும். அதை வாராக வெட்டித்தரச் சொல்லி வாங்குவதே மேல்.

முழுத்தோல் எடுத்தால் சதைப்பக்கத்தில் எண் எழுதியிருக்கும். 12 என்று எழுதி அதன் தலைமேல் சிறிதாக 3 இருந்தால் பன்னிரண்டே முக்கால் சதுர அடி. சிறிய எண் கால் சதுர அடிகளைக் குறிக்கிறது. ஓட்டைகளும், மாட்டின் கால் பக்கம் வால்போல் நீளும் துண்டுகளும் அந்த அளவுக்குள் சேர்ந்தே வரும், அவற்றுக்கும் காசு கொடுக்கிறீர்கள். அதனால் முதல்முறை முழுத்தோல் வேண்டாம்.

சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரியமேடு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஆள் தெரிந்தால் இன்னும் நல்லது. காலையில், வெளிச்சம் இருக்கும்போது போங்கள். குழல்விளக்கில் சாயத் திட்டுகள் தெரியாது. கிலோக் கணக்கில் விற்கும் வெட்டுத்துண்டு மூட்டை மலிவுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிமன். துளை போடவும் தையல் பழகவும் வாங்குங்கள், முதல் பொருளை அதில் செய்யாதீர்கள். இணையத்தில் வாங்குவதானால் தடிமன், பதனிட்ட முறை, எந்தப் பகுதி என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ‘பிரீமியம்’ என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மேல்பக்கம் வெளியே தெரியும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். மடித்தால் அந்தக் கோடு போகாது. பிளாஸ்டிக் பையில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டி போதும். வெயில் படும் சன்னலருகே வேண்டாம், மறைந்த பகுதி ஒரு நிறம், மறையாத பகுதி ஒரு நிறம் ஆகிவிடும்.

இன்னொன்று, ஈரமான வெஜ் டேனில் இரும்பு படக்கூடாது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல்தான் இது. தோலிலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை உருவாகும். இரும்பு ஸ்கேல், துருப்பிடித்த கிளிப், ஏன், மேசையில் சிந்திய அரத்தூள்கூடப் போதும். நனைக்கும் வேலைக்குத் துருப்பிடிக்காத எஃகு ஸ்கேலும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்துக்கொள்ளுங்கள். கறை விழுந்துவிட்டால் காயவிடாமல் எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, கறை மங்கியதும் சுத்தமான ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்துவிட்டு, நிழலில் காயவையுங்கள்.